தொழில்: வலை

"நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க, நான் எழுதிக்கினேன். இதுல எங்கடி தப்பு—"

"கேட்டே, சரி. என்னன்னு கேட்டே? அதைத்தான் நான்—"

"ஃபாரத்துல இருந்ததைக் கேட்டேன். அந்தம்மா அனுப்பின ஃபாரம். நானா இன்னா சொந்தமா—"

"ஒரு நிமிஷம் என்னைப் பேச விடேன் ஜாய்ஸ்—"

"நீ என்னை விட்டியா? திருக்கழுக்குன்றத்துல ஏறினதுலருந்து நீதானே பேசிக்கினு வர்றே?"

முன் சீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள், சண்டையைத் தாழ்த்தவில்லை.

மாமல்லபுரம் போகிற பஸ். ஜாய்ஸ் செங்கல்பட்டிலேயே ஏறி ஜன்னலோரம் இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய சுப்ரஜா, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் பல் மருத்துவம் இறுதியாண்டு, ஒரே வகுப்பு. அன்றைக்குக் கல்லூரியில் விளையாட்டு விழா, யாரும் தேடமாட்டார்கள்.

"இங்க பாரு," என்று சுப்ரஜா திரையைத் தட்டினாள். "நாப்பத்தோரு பேர். வலை வேலை எத்தனை வருஷம்னு உன் ஃபாரத்துல ஒரு கட்டம். கல்யாணமாகி எத்தனை வருஷம்னு நம்ம பல் கேம்ப் ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம். நேத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். பன்னெண்டு, பன்னெண்டு. இருபத்தேழு, இருபத்தேழு. ஒம்போது, ஒம்போது. நாப்பத்தோரு பேருக்கும் அப்படியே. தாலி ஏறின அன்னிக்கே எல்லாரும் வலை ஊசியைக் கையில எடுத்துட்டாளா?"

"எடுத்திருப்பாங்க. புருசன் வூட்டுக்குப் போனதும் வேலை ஆரம்பிக்காதா?"

"உங்க மாமா சொன்னதை மறந்துட்டியா?"

மறந்திருந்தால்தான் தேவலையே. ஜாய்ஸின் அம்மாவுக்குத் தம்பி ஸ்டான்லி, எட்டு வருஷமாக மீனவக் குப்பங்களுக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், சுவரில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய ஆராய்ச்சி போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொம்பளைங்க வலை பின்றாங்களா? எந்தக் கடல்லமா? நம்ம கரையில வலையைத் தொடுறது ஆம்பளைங்க. பொம்பளைங்க மீனைத் தொடுவாங்க. எட்டு வருசத்துல வலைகிட்ட ஒரு பொம்பள குந்திக்கினு நான் பாத்ததில்ல." ஜாய்ஸும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். அவர் போனதும் சுப்ரஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஏனென்றால் எல்லாம் அந்த வலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபின்லாந்தில் ஹெலீனா என்று ஒரு பேராசிரியர். வலை பின்னுகிறவர்கள் பல்லை மூன்றாவது கையாக வைத்துக்கொண்டு நூலைக் கடித்துக் கடித்து அறுப்பதால் முன்பல்லில் விழும் பள்ளத்தைப் பற்றி இருபது வருஷமாக எழுதுகிறவர். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கமும் கடல் இருக்கிறது என்று ஜாய்ஸ் அவருக்கு ஒரு மெயில் போட்டாள். அவர் ஃபாரம் அனுப்பினார். கல்லூரி கேம்ப் வண்டியோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய், நாற்பத்தொரு பெண்களின் பல்லுக்கு அச்சு எடுத்தார்கள். இருபத்துமூன்று பேருக்கு மேல்வரிசை முன்பல்லில் பள்ளம் இருந்தது. வருஷம் ஏற ஏறப் பள்ளமும் ஆழமானது. வரைபடம் மாடிப்படி மாதிரி ஏறியது. அதைப் பார்த்த ஹெலீனா, பத்து வாரம் என் ஆய்வகத்துக்கு வா, செலவு எங்களுடையது என்றார். இன்றைக்கு மூன்றரை மணிக்கு வீடியோ காலில் கடைசிப் பேச்சு. அது முடிந்தால் கடிதம். கடிதம் வந்தால் விசா.

வீட்டில் பாதி ஃபின்லாந்து போயாகிவிட்டது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்கு டீ வாங்கப் போன அப்பா ஏசுதாஸ், டீக்கடையிலிருந்து திரும்பி வருவதற்குள் பதினோரு பேரிடம், "எம் பொண்ணு பல்லு ஆராய்ச்சிக்கு ஃபாரின் போவுது" என்று சொல்லிவிட்டிருந்தார்.

"சதாசிவம் சாரைக் கேட்டேன்," என்றாள் ஜாய்ஸ். சதாசிவம் அவர்களுடைய வழிகாட்டி. "எல்லா ஆராய்ச்சியிலயும் ஒரு குறை இருக்கும்மா, 'இது பங்கேற்றவர்கள் சொன்ன தகவல்'னு கடைசியில ஒரு வரி சேத்துட்டு வேலையைப் பாருன்னாரு."

"சேத்துக்கோ. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வந்துடலாம். எனக்கு அரிக்கறது."

"உனக்கு இன்னாடி அரிப்பு? நீதான் போன வருசமே மலேசியாவுல பினாங்கு லேபுக்குப் போய்ட்டு வந்துட்டியே."

சுப்ரஜா லேப்டாப்பை மூடினாள்.

மாமல்லபுரத்தில் ஸ்டான்லி வண்டியோடு காத்திருந்தார். முன் சீட்டில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு, வடக்கே இருக்கும் குப்பத்துக்குப் போய் இறங்கினார்கள். மணலை ஒட்டிய கொட்டகையில் நீலமும் பச்சையுமாக வலை குவிந்து கிடக்க, சுற்றி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணிக்கோ," என்றார் ஸ்டான்லி. "பன்னெண்டு மீசை. ஒரு பொடவை கீதா?"

ஜாய்ஸ் எண்ணவில்லை. மூன்று ஞாயிறும் கேம்ப் வண்டி கோயில் பக்கத்தில் நின்றது. கொட்டகை அங்கிருந்து நூறு அடி. ஒரு நாளாவது நடந்து வந்து பார்த்தோமா என்று நினைத்தபோது காது சுட்டது. இவள் ஊரில் வயலும் கம்பெனியும். சுப்ரஜா ஊரில் மலையும் கோயிலும். கடல் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அவ்வளவுதான் இருவருக்கும் தெரியும்.

"அண்ணே, கொஞ்சம் பல்லைக் காட்டுறீங்களா?" என்று ஓரத்தில் இருந்தவரிடம் கேட்டாள். அவர் பெயர் தர்மராஜ்.

"இன்னாத்துக்கு?"

"வலை நூலைப் பல்லால கடிப்பீங்களான்னு பாக்கணும்."

"கத்தி இருக்கச்சொல்ல பல்லு இன்னாத்துக்குமா?" இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிய சின்னக் கத்தியை ஆட்டிக் காட்டினார். பல்லையும் காட்டினார். வெற்றிலைக் கறை ஒரு அங்குலம். பள்ளம் ஒன்றும் இல்லை.

"அப்ப வலை பின்னற ஆம்பளைக்குப் பள்ளம் இல்ல," என்று சுப்ரஜா முணுமுணுத்தாள். "பொம்மனாட்டிக்கு இருக்கு. ஆனா வலை இல்ல. அப்போ என்னடி அது?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஜாய்ஸுக்கு பஸ்ஸில் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னா அது? இருபத்துமூன்று வாயில் அவளே விரல் விட்டுத் தொட்டுப் பார்த்த பள்ளம். அது பொய் இல்லை.

பதினாலாம் நம்பர் ஃபாரம் வரலட்சுமி. எல்லாரையும்விட ஆழமான பள்ளம் அவருக்குத்தான். வீட்டு வாசலுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டே வரவேற்றார்.

"பல்லு டாக்டரம்மாவா! வா வா. அன்னிக்கு குடுத்த பேஸ்ட்டு தீந்துபோச்சு."

"அக்கா, உங்க தொழில் இன்னா?"

"அதான் அன்னிக்கே எழுதினு போனியே. வலை."

"நீங்க வலை பின்னுவீங்களா?"

"நான் இன்னாத்துக்குப் பின்றேன்? அவரு பின்றாரு."

"இருபத்திரண்டு வருசம்னு சொன்னீங்களே?"

"ஆமா. கண்ணாலம் ஆயி இருபத்திரண்டு வருசம். அதுக்கு முன்னால எங்கப்பனும் வலைதான். அதையும் கூட்டி எழுதிக்கிறியா?"

சுப்ரஜா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாய்ஸ் விடவில்லை.

"அக்கா, நான் உங்களைத்தானே கேட்டேன்?"

"என்னைத்தான் கேட்டே. தொழில் இன்னான்னு கேட்டா குடும்பத்துத் தொழிலைத்தான சொல்லணும்? ரேசன் ஆபீஸ்ல வந்தாலும் அதத்தான் சொல்றோம், பேங்குல வந்தாலும் அதத்தான். நீ மட்டும் இன்னா புச்சா கேக்கறே?"

"சரி, உங்க வேலை இன்னா?"

"எனக்கு இன்னா வேலை? சும்மாதான் கீறேன் வூட்ல."

அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஜாய்ஸ் விஷயத்தைச் சொன்னாள்: இந்தப் பல்லில் இந்த இடத்தில் எதையோ தினமும் கடிக்கிறீர்கள், அது என்னவென்று எங்களுக்குத் தெரியவேண்டும். நல்ல விளையாட்டாகப் போய்விட்டது.

"கொண்டை ஊசி. நான் பல்லாலதான் பிரிப்பேன்."

"நீ பிரிப்பே, உனக்குப் பள்ளம் எங்க கீது? வாயை மூடு."

"ஷாம்பு பாக்கெட்டு!"

"அது வாரத்துக்கு ஒண்ணு. அதுக்கா பல்லு தேயும்?"

"வேர்க்கடலை?"

"எம் புருசன் காதா இருக்கும்," என்றாள் ஸ்ரீதேவி என்கிற இளம்பெண். "அதைத்தான் நான் டெய்லி கடிக்கிறேன்." சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒன்றும் தேறவில்லை. வரலட்சுமி உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ கேட்டுக்கினே இரு. கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது." முறம் நிறைய ஓட்டை போட்ட சின்னச் சின்னச் சிப்பி, சோழி. நைலான் நூலில் விறுவிறுவென்று கோத்தார். கடற்கரைக் கோயில் பக்கத்துக் கடைகளில் தொங்குமே, அந்தச் சிப்பி மாலை. கடைசிச் சிப்பி ஏறியதும் முடிச்சுப் போட்டார், தலையைக் கொஞ்சம் சாய்த்தார், டக்.

நூல் துண்டைத் துப்பிவிட்டு அடுத்த மாலையை எடுத்தார்.

ஜாய்ஸ் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா. இன்னொருவாட்டி."

"இன்னாது?"

"இப்ப செஞ்சீங்களே, அது."

"இதா? இது ஒரு வேலையா? டிவி பாத்துக்கினே செய்றது."

"ஒரு நாளைக்கு எத்தினி மாலை கோப்பீங்க?"

"அறுவது, எழுவது. சீசன்ல நூறு போவும். கடைக்காரன் ஆள் அனுப்பி வாங்கினு போவான்."

"ஒரு மாலைக்கு எத்தினி கடி?"

"ரெண்டு. முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"எத்தனை வருஷமா?" என்று சுப்ரஜா குனிந்தாள்.

"பெரியவ பொறந்ததுலருந்து. இருவது வருசம் இருக்கும்."

சுப்ரஜாவின் உதடு பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தது. ஜாய்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, "அக்கா, வாயைத் திறங்க," என்றாள். நூலின் நுனியை எடுத்துப் பள்ளத்தின் மேல் வைத்தாள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவர்கள் யாரையும் தொழில் கேட்கவில்லை. "காலையில எழுந்ததுலருந்து உங்க கையி இன்னா இன்னா செய்யும், சொல்லுங்க," என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது தெரியவில்லை, நாஸ்தா சாப்பிடாததும் தெரியவில்லை. பழைய ஃபாரத்தில் இருந்தவர்களில் பத்தொன்பது பேர் அகப்பட்டார்கள். பள்ளம் உள்ளவர்கள் பத்துப் பேர். அதில் ஒன்பது பேர் சிப்பி கோக்கிறவர்கள். ஸ்ரீதேவியும் ஐந்து வருஷமாகக் கோக்கிறாளாம்; அவளுக்குப் பள்ளம் இல்லை. ஏன் என்று கேட்டால், தாலிச் சரட்டில் மாட்டியிருந்த நகவெட்டியை எடுத்துக் காட்டினாள். "எனக்குப் பல்லு கூசும்மா. நான் இதாலதான் வெட்டுவேன்." அந்த நகவெட்டியைப் பார்த்து டாக்டருக்குப் படிக்கிற இரண்டு பெண்கள் எதற்காக ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பத்தாவது ஆள் ஒரு மீன்காரம்மா. பள்ளம் உண்டு, சிப்பியைத் தொட்டதே கிடையாதாம். "எனக்கே தெரியலம்மா, பொறந்தப்பவே இருந்துதோ இன்னாவோ," என்றார். ஜாய்ஸ் அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஐஸ் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைத்தது. இரண்டாவது சண்டை அங்கே தொடங்கியது. இந்த முறை ஆட்கள் இடம் மாறியிருந்தார்கள்.

"சொல்லப்போறேன்," என்றாள் ஜாய்ஸ்.

"சொல்லு. ஆனா இன்னிக்கு வேண்டாம். கடிதாசு கைக்கு வரட்டும். அங்க போய் இறங்கு. ரெண்டு வாரம் கழிச்சு, 'மேடம், ஒரு புது விஷயம் தெரிஞ்சுது'ன்னு மெதுவா—"

"அடிப்பாவி! என்னைக் கரையில இழுத்தாந்து விட்டதே நீதான்!"

"உண்மை என்னன்னு பாக்கத்தான் இழுத்துண்டு வந்தேன். உன் சீட்டை நீயே கிழிச்சுப் போடறதுக்கு இல்ல. அந்தம்மாவுக்கு வலைதான் வேணும். வலை இல்லேன்னா நீ எதுக்கு அவளுக்கு?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"யோசிக்காதே. பினாங்குல எட்டு வாரம் நான் என்ன பண்ணினேன் தெரியுமோ? பல்லு போட்டு வெச்ச பாட்டிலுக்கு லேபிள் ஒட்டினேன். ஒரு நாள் ரெண்டு பாட்டிலுக்கு மாத்தி ஒட்டிட்டேன்னு தெரிஞ்சுது. சொல்லலை. யாரும் கேக்கலை. சர்டிபிகேட் குடுத்தா. எங்க ஹால்ல மாட்டியிருக்கு. அப்பா வர்றவா போறவாளுக்கெல்லாம் காட்டறார்."

"அந்த ரெண்டு பாட்டில்?"

"அங்கதான் இருக்கும்."

"மாறியேவா?"

சுப்ரஜா கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள். "மாறியேதான். சர்டிபிகேட்டைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பாட்டில்தான் தெரியறது. போறுமா?"

ஸ்டான்லி இடையில் புகுந்தார். "இன்னாமா, போறதா இல்லையா? உங்கப்பன் ஸ்வெட்டர் வேற வாங்கி வெச்சிகீறான். எனக்கு ஒரு வார்த்தை சொன்னா நானாவது அவனுக்குப் பக்குவமா—"

"மாமா, ரேடியோவை நிறுத்துங்க. கால் வருது."

திரையில் ஹெலீனா வந்தார். நரைத்த குட்டை முடி, மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. பின்னால் அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள். வணக்கம் சொல்லிவிட்டு, உன்னுடைய வரைபடத்தை என் துறையில் எல்லாருக்கும் காட்டினேன் என்று தொடங்கினார். சுப்ரஜா, கேமராவுக்குத் தெரியாமல் ஜாய்ஸின் தொடையை அழுத்தினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"மேடம், அந்த வரைபடம் தப்பு," என்றாள் ஜாய்ஸ்.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னாள். தான் கேட்டது, அவர்கள் சொன்னது, கல்யாண வருஷம், பன்னிரண்டு ஆண்கள், இடுப்புக் கத்தி, முறம், நூல், நகவெட்டி, கணக்குக்கு வராத அந்த மீன்காரம்மா. பள்ளம் உண்மை, வலை உண்மை இல்லை.

ஹெலீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபம் இல்லை, உற்சாகமும் இல்லை. "நீ சொன்னது நல்லது, ஜாய்ஸ். ஆனால் இந்தப் பத்து வாரம் இரண்டு கரையிலும் வலை பின்னும் பெண்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான். சிப்பி மாலை வேறு விஷயம். நான் குழுவிடம் கேட்கவேண்டியிருக்கும். உறுதி சொல்ல முடியாது."

"புரியுது மேடம்."

சுப்ரஜா கையை எடுத்துவிட்டாள். ஸ்டான்லிக்கு ஆங்கிலம் விளங்காவிட்டாலும் முகம் விளங்கியது, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். அழைப்பை அதோடு முடித்திருக்கலாம். ஜாய்ஸுக்கு அந்த அட்டைப்பெட்டிகள் மேல் கண் போயிருந்தது.

"மேடம், உங்க பின்னாடி இருக்கிற பெட்டியில எல்லாம் என்ன?"

ஹெலீனாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஒரு பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய மேல்தாடை எலும்பு ஒன்றைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். மேல் முன்பல்லில் பள்ளம். வரலட்சுமிக்கு இருக்கிற அதே இடம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கடற்கரைக் கிராமம், அறுபது பெண்கள், எல்லாரும் வலை பின்னியவர்கள், இருபது வருஷமாக என் வேலையே இவர்கள்தான் என்றார்.

"அவங்க வலைதான் பின்னினாங்கன்னு எப்படித் தெரியும், மேடம்?"

"தேவாலயப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொழில் எழுதியிருக்கிறது," என்று ஹெலீனா பெட்டி மூடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "இவள் அன்னா. வலைக்காரன் மனைவி."

ஜாய்ஸ் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"மேடம், அந்தப் பதிவேட்டை எழுதினவர், நீ என்ன வேலை செய்யறேன்னு அன்னாவைக் கேட்டாரா, இல்ல என்னை மாதிரி அவ புருஷன் வேலையை எழுதிக்கிட்டுப் போனாரா?"